வாசித்ததாக ஏற்றுக்கொள்ளப்பட்ட யாப்பு

அன்புள்ள மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யார் என்பதும் முடிவாகவில்லை. அந்தத் தேர்தலுக்கு இன்னும் வேட்புமனுக்கூடக் கோரப்படவில்லை. எனக்கு இப்போது பதினேழு வயது. நீ இதை வாசிக்கும்போது உனக்கும் ஏறக்குறைய அதே வயதாகி, மீசை என்று நீ மட்டும் நம்புகிற ஒன்று முளைத்திருக்கும். எனக்கோ நாற்பதைத் தாண்டி இரண்டு வருத்தங்கள் வந்திருக்கும். ஒன்று முழங்கால் நோ. மற்றது, "நான் சொன்னால் சொன்னதுதான்" என்கிற நோய். முதலாவதற்கு எண்ணெய் பூசலாம். இரண்டாவதற்கு மருந்தாகத்தான் இந்தக் கடிதத்தை இப்போதே எழுதி வைக்கிறேன். நீ மகளாகப் பிறந்தால் "மகனே" என்ற இடமெல்லாம் "மகளே" என்று திருத்திக்கொள். அதற்கு மூன்றில் இரண்டு பேரின் சம்மதம் தேவையில்லை. அது என்ன மூன்றில் இரண்டு என்று கேட்கிறாயா? அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

இது, ஊரை விட்டுக் கனடாவுக்கு வந்தவர்கள் நடத்துகிற எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் வரப்போகிறது. உனக்கு மட்டும் எழுதி அலுமாரிக்குள் வைத்தால், நாற்பது வயதில் நானே அதை எடுத்துக் கிழித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஸ்காபரோவிலும் விட்பியிலும் றிச்மண்ட் ஹில்லிலும் வீட்டுக்கு வீடு ஒரு பிரதி கிடந்தால் என்னால் கிழிக்க முடியாது. எழுதுவது பதினேழு வயது நான்; மாட்டிக்கொள்ளப்போவது நாற்பது வயது நான். எழுத்துப் பிழைகளை உன் அம்மம்மா திருத்துவார். கருத்துப் பிழைகள் என் சொந்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அப்பா, அதாவது உன் அம்மப்பா, எங்கள் டோர்செட் பார்க் வீட்டுச் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு நித்திரையாய்க் கிடந்தார். வயிற்றின் மேல் போன். அந்தப் போன் அடிக்கவில்லை. அம்மா இரண்டு தரம் கிட்டப் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். பத்து வருடமாக எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் சங்கம். அப்பா என்றால் சங்கத் தலைவர். அவர் ஒரு ஞாயிறு பகலில் குறட்டை விட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஏற்பட்ட நிம்மதியை என்னவென்று சொல்ல! நெஞ்சின் மேல் யாரோ ஏறி இருந்துவிட்டு இறங்கிப் போனது போல இருந்தது. ஏறி இருந்ததும் நான்தான் என்பது உனக்குப் போகப்போக விளங்கும்.

அப்பா கெட்ட தலைவர் இல்லை, மகனே. ஊரின் கிழக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் இங்கே வந்தும் முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில், இரண்டு பக்கமும் வெறுக்காத ஒரே ஆள் அவர்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்து நூலகம் அவர் முயற்சி. புதிதாய் வந்த குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான். நல்லவர் என்பதால் ஒருவரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்க ஆளில்லாததால் அவரும் தலைவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழும்பி "அதே நிர்வாகம் தொடரட்டும்" என்பார், இன்னொருவர் "வழிமொழிகிறேன்" என்பார், எல்லோரும் சுருட்டிப் பொரித்த றோல்ஸ் எடுக்கப் போவார்கள். எட்டாம் வகுப்பு முடித்து நான் மேடையில் சான்றிதழ் வாங்கியபோது அப்பா வெளியே நின்று, விளையாட்டுப் போட்டிக்கு யார் மைக் கொண்டுவருவது என்று போனில் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தார். கதவுக் கண்ணாடிக்குள்ளால் என் முதுகைப் பார்த்தாராம். "நல்ல முதுகு பிள்ளை" என்று பிறகு சமாளித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மறக்கவில்லை.

நான் பகிடிக்காரி. அப்பாவின் போனில் "கூட்டம்" என்று எழுதினால் தானாகவே "கொட்டாவி" என்று மாறும்படி செய்து, "நிர்வாகக் கொட்டாவி ஞாயிறு நாலு மணிக்கு, தவறாது சமூகமளிக்கவும்" என்று சங்கத்தவர் எல்லோருக்கும் போக வைத்தவள். அப்படிப்பட்ட என்னிடம் போன வருடம் அப்பா பழைய தாள் கட்டொன்றைக் கொண்டுவந்து நீட்டினார். சங்கத்தின் விதிகள், எங்கள் ஆட்கள் அதை யாப்பு என்பார்கள். மண்டபம் வாடகைக்குத் தருகிறவர்கள் அதன் நல்ல பிரதி ஒன்று கேட்டிருந்தார்கள்.

"பிள்ளை, உதை ஒருக்கா ரைப் பண்ணித் தா. பிழை கிடந்தாத் திருத்து. வேற ஒண்டும் செய்யாத."

வேறு ஒன்றும் செய்யாதே! அதை என்னிடம் சொல்லலாமா?

அதே கிழமைதான் பள்ளிக்கூடத்தில் அமெரிக்காவின் அரசியலமைப்பைப் படிப்பித்தார்கள். கனடாவில் இருக்கிற எங்களுக்கு அமெரிக்க அரசியல் கீழ்மாடி வீட்டுச் சண்டை மாதிரி. எங்களுக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் ரிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்போம். ஆனால் அந்த வீடு கட்டிய கதையை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். கடலுக்கு அப்பால் இருந்த அரசன் ஒருவனை உதறிவிட்டு வந்த மாநிலங்கள், தங்களுக்குள் தளர்ச்சியாய் ஓர் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தன. அது சரிவரவில்லை. "போய் அதைத் திருத்திக்கொண்டு வாருங்கள்" என்று கொஞ்சப் பேரை அனுப்பினார்கள். அவர்கள் கொளுத்துகிற கோடையில் ஜன்னல்களையெல்லாம் மூடிக்கொண்டு ஒரு மண்டபத்துக்குள் இருந்து, திருத்தச் சொன்னதை விட்டுவிட்டுப் புதிதாகவே ஒன்றை எழுதி முடித்துவிட்டார்கள். ஆசிரியர் இதைச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பகிடிக்காரர் எந்த நூற்றாண்டில் இருந்தாலும் ஒரே சாதிதான்! அன்று வீட்டுக்கு வந்து நானும் அறைக் கதவை மூடிக்கொண்டேன்.

அவர்கள் செய்த வேலையின் சூட்சுமம் இதுதான், மகனே. நல்ல ஆளைத் தேடிப் பிடித்தால் எல்லாம் சரி என்று அவர்கள் நம்பவில்லை. நல்ல ஆளும் கதிரையில் கனநாள் இருந்தால் அரசனாகிவிடுவான் என்று பயந்தார்கள். அதனால் சட்டம் செய்ய ஓர் இடம், அதை நடத்த ஓர் ஆள், சட்டத்தின் பொருள் என்ன என்று சொல்ல இன்னோர் இடம் என்று பிரித்து, ஒவ்வொருவர் கையிலும் மற்றவரின் சட்டைக் கொலரைக் கொடுத்துவிட்டார்கள். ஜனாதிபதி ஒரு சட்டத்தை வேண்டாம் என்று தடுக்கலாம், அதுதான் வீட்டோ. சட்டம் செய்கிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் அந்தத் தடையையும் மீறலாம். வீட்டோ என்ற சொல் வீட்டிலிருந்துதான் வந்தது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அது அம்மாவிடம் இருந்தது. பெரிய மாநிலங்களும் சின்ன மாநிலங்களும் சண்டை பிடித்தபோது, ஒரு சபைக்கு ஆள் எண்ணிக்கைப்படி, மற்றச் சபைக்குப் பெரிதோ சிறிதோ மாநிலத்துக்கு இரண்டு பேர் என்று சமாதானம் செய்தார்கள்.

நானும் அப்படியே செய்தேன். கிழக்கு பெரிது, மேற்கு சிறிது. இரண்டுக்கும் நிர்வாகத்தில் இரண்டிரண்டு இடம். தலைவர் தடுத்தால் மூன்றில் இரண்டு பேர் மீறலாம். யாப்பைத் திருத்தவும் மூன்றில் இரண்டு கை வேண்டும். எட்டாம் விதி: ஒருவர் இரண்டு தவணைக்கு, அதாவது நாலு வருடத்துக்கு, மேல் தலைவராக இருக்க முடியாது, முன்பு இருந்த தவணைகளும் சேரும். கடைசியில் என் கையெழுத்துப் போலப் பதினான்காம் விதி: கூட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசுகிறவர் கூட்டம் முடிந்ததும் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவ வேண்டும். யாராவது வாசித்துச் சிரிப்பார்கள், அப்பா காதைத் திருகுவார், பழையதைத் திரும்ப அடித்துக் கொடுக்கலாம் என்பதுதான் என் திட்டம்.

ஒருவரும் வாசிக்கவில்லை. எங்கள் சங்கங்களில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. நீளமான தாள் எதுவாக இருந்தாலும், "நேரம் போகுது, வாசிச்சதா ஏற்றுக்கொள்ளுவம்" என்று ஒருவர் சொல்வார். உடனே மண்டபம் முழுக்கக் கை எழும்பும். போன வருடப் பொதுக்கூட்டத்திலும் அதுதான் நடந்தது. றோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது, கைகள் எழும்பின, முதலில் எழும்பியது அப்பாவின் கை. பின்வரிசையில் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடித்துக் கொடுத்தது யாப்பு, அப்பாவுக்கு வைத்தது ஆப்பு. அப்பாவிடம் அன்றே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று ஒரு வருடம் போய்விட்டது.

இந்த வருடம் தேர்தல். அதற்குப் பத்து நாள் முன்பு வீட்டுக்குப் போன் வந்தது. அழைத்தவர் சங்கத்தில் எல்லாக் கூட்டத்திலும் "ஒழுங்குப் பிரச்சினை" என்று எழும்பி, விதிப்படி நடக்கவில்லை என்று மறிப்பவர். நான் அவருக்கு வைத்த பெயர் ஒழுங்குப் பிரச்சினை அங்கிள். அப்பா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, ஒரு ஒழுங்குப் பிரச்சினை."

"ரெலிபோனிலயுமோ?"

"எட்டாம் விதி வாசிச்சனீங்களே?"

"வாசிச்சதா ஏற்றுக்கொண்டனாங்கள்தானே."

"தலைவர் ரெண்டு தவணைக்கு மேல இருக்கேலாதாம் அண்ணை. நீங்கள் அஞ்சு."

கத்தி நின்றது. போனை வைத்துவிட்டு அப்பா, "ஆர் உதைப் போட்டது?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். "நான்தான் அப்பா. பகிடிக்கு" என்றேன். அப்பா கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். "என்னை எழுப்பவேணும் எண்டால் எனக்குச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. நான் உன்ர அப்பாவோ, இல்லாட்டி ஆரும் ராசாவோ?"

இரண்டு நாள் கழித்து, உடுப்புத் தோய்க்கிற அறையில் நாங்கள் இருவரும் மட்டும் நின்றபோது அப்பா சொன்னார்: "கூட்டத்தில எழும்பி, எட்டாம் விதி ரைப்பிங் பிழை எண்டு சொல்லிப்போடு. ஒரு வசனம். காணும். நான் விட்டா ரெண்டு பக்கமும் பிடுங்குப்பட்டுச் சங்கம் ரெண்டாப் போயிடும்." அவர் கணக்குச் சரிதான். விதியை மாற்ற மூன்றில் இரண்டு கை வேண்டும். பிழை என்று சொல்லி எடுத்துவிட என் வாய் ஒன்று போதும். சொன்னால் அப்பாவின் மானம் தப்பும், என் குற்றமும் மறையும். சொல்லாவிட்டால் மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் என் கையால் என் அப்பாவைக் கதிரையிலிருந்து இறக்க வேண்டும். நான் எந்தப் பகிடியும் விடாமல் இருந்த எட்டு நாள் அதுதான். அம்மா எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அங்கிளுக்குப் பிறகு அம்மாதான் யாப்பை முழுவதும் வாசித்த இரண்டாவது ஆள். சாப்பாட்டு மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையில் பேனையோடு வாசித்தார்.

"எட்டாம் விதி நல்லாத்தான் கிடக்கு. நாலாம் விதியில, ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு, குடும்பத் தலைவர் போடுவார் எண்டு கிடக்கு. நான் உதில எங்க இருக்கிறன்?"

"அது பழசில இருந்தது அம்மா."

"பழசில இருந்த எல்லாத்தையும் மாத்தினனி. உதை மட்டும் ஏன் விட்டனி? றோல்ஸ் எல்லாம் சுத்திறது குடும்பத் தலைவரே?"

அப்பாவைக் கட்டிப்போட அவ்வளவு கெட்டித்தனமாய் யோசித்த எனக்கு, அம்மாவுக்கு வாக்கில்லை என்பது கண்ணில் படவே இல்லை. அந்த ஜன்னல் மூடிய மண்டபத்தில் இருந்தவர்களும் இப்படித்தான், மகனே. மக்களின் பெயரால் தொடங்கிய அந்தத் தாளில் பெண்களுக்கு வாக்கில்லை. அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களை, சபையில் இடம் பிரிக்கிற கணக்குக்கு மட்டும் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணினார்கள். அந்த அநியாயம் தீரப் பெரிய போர் ஒன்று வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் முழுக்கத் தீரவில்லை. அதிகாரத்தைக் கண்டு பயந்தவர்கள், தங்கள் கையிலேயே இருந்த அதிகாரத்தைக் காணவில்லை. வகுப்பில் அதைப் படித்தபோது "சீ" என்றேன். சாப்பாட்டு மேசையில் அந்தச் "சீ" என்னிடமே திரும்பி வந்தது.

கூட்டத்து நாள் வந்தது. மண்டபத்தில் விட்பிக்காரர் வழக்கம்போல 401 நெடுஞ்சாலையைத் திட்டிக்கொண்டு வந்து சேர்ந்ததும் கூட்டம் தொடங்கியது. "ஒழுங்குப் பிரச்சினை!" என்று அங்கிள் எழும்பி எட்டாம் விதியை வாசித்தார். சலசலப்பு. அப்பா மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். நான் எழும்பினேன்.

"அது ரைப்பிங் பிழை இல்லை," என்றேன். "நான்தான் எழுதினனான். ஒருதருக்கும் சொல்லாமல் எழுதினது என்ர பிழை. வாசிக்காமல் கை தூக்கினது உங்கட பிழை. சொறி அப்பா."

"சின்னப்பிள்ளையின்ர விளையாட்டு! கிழிச்செறியுங்கோ!" என்று ஒரு குரல். "கிழிச்சா நாங்கள் வேற சங்கம் தொடங்குவம்!" என்று மேற்கிலிருந்து இன்னொன்று. அந்த நேரத்தில் அப்பா ஒரு சொல் சொன்னால் கிழித்திருப்பார்கள். தாளுக்கு வாய் கிடையாது, கையும் கிடையாது. அவர் மைக்கைப் பிடித்தார்.

"கை தூக்கினது நாங்கள்," என்றார். "வாசிக்காமல் தூக்கினாலும் அது எங்கட கைதான்."

பிறகு அப்பா தலைவர் கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டு, மேடையால் இறங்கி, மூன்றாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். கிழக்கும் மேற்கும் வாயை மூடிக்கொண்டன. யாரோடு சண்டை பிடிப்பது என்று தெரியவில்லைப் போலும்.

அந்த அமைதியில் அம்மா கையை உயர்த்தினார். "அக்கா, உங்களுக்கு வாக்கில்லை," என்றார் அங்கிள் விதியைப் பார்த்தபடி. "அதைத்தான் மாத்தச் சொல்லுறன்," என்றார் அம்மா. குடும்பத் தலைவர்கள் தங்கள் வீட்டுக்காரிகளின் முகத்தைப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு அல்ல, எல்லாக் கையும் எழும்பியது. இந்த முறை வாசித்துவிட்டு. பிறகு அங்கிளையே தலைவராக்கினார்கள். இனி யாரை மறிப்பது என்று தெரியாமல் அவர் இப்போது தன்னைத்தானே மறித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கதையின் அமெரிக்கப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். அவர்களின் முதல் ஜனாதிபதி இரண்டு தவணை இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். அப்போது அப்படி ஒரு விதியே இல்லை. அவர் எழும்பிப் போனதால்தான் பின்னால் வந்தவர்களுக்கு அது வழக்கமாயிற்று. நெடுங்காலத்துக்குப் பிறகு ஒருவர் அந்த வழக்கத்தை மீறியதும்தான் அதைத் தாளில் எழுதினார்கள். அந்த முறை நன்றாக வேலை செய்கிறதா என்று நீ கேட்டால், என் பதில் "ஓம், ஆனால் மெதுவாக." எல்லோரும் எல்லோருடைய கொலரையும் பிடித்திருப்பதால் சில காலம் ஒருவரும் ஓரடியும் நகர்வதில்லை. உடன்பாடில்லாமல் அரசாங்க அலுவலகங்களையே பூட்டிவிட்டு நிற்பார்கள். கொலரைப் பிடிக்கப் பயந்து கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பவர்களும் உண்டு, கதிரையை விட மனமில்லாதவர்களும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் அதைக் காப்பாற்றியது, தாங்கள் பிழை விடுவோம் என்று முதலே ஒத்துக்கொண்டு, திருத்துவதற்கு ஒரு வழியைத் தாளுக்குள்ளேயே விட்டு வைத்ததுதான் என்று நினைக்கிறேன். மிச்சமெல்லாம் யாரோ ஒருவர் எழும்பிக் கதிரையைத் தள்ளி வைக்கிறாரா என்பதில் இருக்கிறது.

ஆகவே, மகனே, நான் உனக்குச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வாசிக்காமல் கை தூக்காதே. பகிடி விடு, தாராளமாக விடு, ஆனால் "ஆர் போட்டது?" என்று கேட்டால் அன்றைக்கே "நான்தான்" என்று சொல், ஒரு வருடம் காத்திராதே. நீ எழுதுகிற எந்த விதியிலும் உனக்கு றோல்ஸ் சுற்றித் தருகிற ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடிப் பார். என்னைப் பொறுத்தவரை, உன் படிப்பையும் உன் கலியாணத்தையும் நான் தனியாக முடிவு செய்யப் பார்த்தால், இந்த மலரைத் தூக்கிக்கொண்டு வந்து ஒழுங்குப் பிரச்சினை எழுப்பு. நான் கோபப்படுவேன். அதை நம்பாதே, பதினேழு வயதில் நான் கொடுத்த இந்த வாக்கை நம்பு. இந்தக் கடிதத்திலும் பிழை இருக்கும். நாலாம் விதி போல என் கண்ணில் படாத ஒன்று கட்டாயம் இருக்கும். உனக்கு அது படும். திருத்துவதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

கூட்டத்தின் கடைசியில் நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். அப்பா பிரியாவிடை உரை என்று எழும்பிப் பதினெட்டு நிமிடம் பேசினார். புதுத் தலைவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "ஒழுங்குப் பிரச்சினை! பதினாலாம் விதி!" என்றார். மண்டபமே அதிரச் சிரித்தது. அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு குசினிக்குள் போனார். நான் துவாயை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் கழுவினார், நான் துடைத்தேன். பத்துக் கோப்பை போனபின் சொன்னார்: "பத்து வருஷத்தில இண்டைக்குத்தான் பிள்ளை தேத்தண்ணியைச் சூடாக் குடிச்சனான்." அடுத்த கோப்பையை நீட்டியபடி, "நல்லா எழுதியிருக்கிறாய். பதினாலாம் விதியைத் தவிர," என்றார். ஈரக் கையாலேயே என் காதைத் திருகினார். ஒரு வருடம் பிந்தி வந்தாலும், வரவேண்டியது வந்து சேர்ந்தது.

இப்போது அவர் என் தோளுக்கு மேலால் எட்டி இதை வாசித்துக்கொண்டிருக்கிறார். முழுவதையும், ஒரு வரியும் விடாமல். "எடி, அஞ்சு நிமிஷம் எப்பவோ தாண்டிட்டுது," என்கிறார். "சிங்கில கோப்பை கிடக்கு."

விதி விதிதான். கழுவிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா (பதவியேற்பு இனிமேல்தான்)